கம்பி பிடித்து ஓடிய வண்டிகள்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவைப் பார்க்க வருகிறவர்கள் மெக்கன்சி ரோட்டுக்குள் நுழைவதில்லை. தேக்கா சந்தையில் மீனும் முருங்கைக்காயும் வாங்கியவர்கள் பஃபலோ ரோடு பக்கம் திரும்பிவிடுகிறார்கள். படம் எடுப்பவர்கள் சிராங்கூன் சாலையின் பூக்கடைகளோடு நின்றுவிடுகிறார்கள். புக்கிட் தீமா சாலையின் நடுவே ஓடும் வாய்க்காலைத் தாண்டி, மவுன்ட் எமிலி குன்றின் காலடியில் ஒதுங்கிக் கிடக்கிறது இந்தத் தெரு. பழைய சினிமா ரசிகர்களுக்கு ரெக்ஸ் தியேட்டர் இருந்த இடம் என்று தெரிந்திருக்கும். 1946-இல் திறந்த அந்தக் கொட்டகையில் பின்னாளில் தமிழ்ப் படங்களும் ஓடின. அதைவிடப் பழைய கதை ஒன்றும் இந்தத் தெருவுக்கு உண்டு. சிங்கப்பூரின் மின்சார டிராம்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கேதான் மின் நிலையம் எழுப்பினார்கள். 1905-இல் டிராம் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதே நிலையத்தின் மிச்ச மின்சாரத்தை வாங்கி நகராட்சி தெருவிளக்கு ஏற்றியது. சிங்கப்பூர்த் தெருக்களுக்கு வந்த முதல் மின்வெளிச்சம் டிராம் கம்பெனி விற்ற உபரிதான். டிராம் போனபின் டிராலி பஸ்களுக்கும் இதுவே பணிமனை ஆயிற்று.

டிராலி பஸ் என்றால் இன்றைய தலைமுறைக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோற்றத்தில் அது பஸ்தான்: ரப்பர் டயர், ஸ்டியரிங், இருக்கைகள் எல்லாம் உண்டு. எஞ்சின் மட்டும் கிடையாது. சாலைக்கு மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து மோட்டாரால் ஓடும். டிராமுக்கு மேலே ஒரு கம்பி போதும். இறங்கும் மின்சாரம் இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் கலந்து திரும்பிவிடும். ரப்பர் டயரில் அந்த வழி அடைபட்டுப் போகிறது. அதனால் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு கம்பி. கூரையின் மேல் இரண்டு நீண்ட கழி. சிங்கப்பூரில் இந்த வண்டிகள் 1926 ஆகஸ்ட் 14 அன்று ஓடத் தொடங்கி, 1962 டிசம்பரில் நின்றன. நடத்தியது சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி. ஊர் வாயில் எஸ்.டி.சி. 1920களின் இறுதியில் நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளோடு, உலகின் மிகப்பெரிய டிராலி பஸ் அமைப்புகளில் ஒன்றாக இருந்தது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில், ரான்சம்ஸ் என்ற வேளாண் கருவிக் கம்பெனி செய்த வண்டிகள் அவை. கலப்பை செய்தவர்கள் பஸ் செய்வதில் ஆச்சரியமில்லை. அந்தக் காலத்தில் இரும்பை வளைக்கத் தெரிந்தவர்கள் எதையும் செய்தார்கள்.

இந்த முப்பத்தாறு ஆண்டுகளைப் பற்றிச் சிங்கப்பூரின் பழைய தலைமுறையிடம் ஓர் ஏக்கம் இருக்கிறது. அதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நல்ல வண்டியை டீசல் மோகத்தில் தொலைத்துவிட்டோம் என்பது ஒன்று. வயதானவர்கள் தங்கள் இளமையை நினைத்து உருகுகிறார்கள், அவ்வளவுதான் என்பது இன்னொன்று. இரண்டும் அவசர முடிவுகள் என்றே எனக்குப் படுகிறது. வண்டியைப் பற்றி அந்த நினைவு சொல்வதில் பெரும்பகுதி சரி. வண்டி ஏன் போயிற்று என்று அது தரும் காரணம்தான் பிழை. டிராலி பஸ்ஸைத் தோற்கடித்தது டீசல் எஞ்சின் அல்ல, ஓர் எல்லைக்கோடு. வண்டி ஓடிய வழியிலேயே நடந்தால் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது.

மெக்கன்சி ரோட்டிலிருந்து சிராங்கூன் சாலைக்கு வந்து அண்ணாந்து பார்த்தால், கட்டடங்களுக்கு இடையில் வெறும் வானம். சிங்கப்பூர் தன் மின் கம்பிகளைத் தரைக்கடியில் புதைத்துவிட்ட ஊர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்தச் சாலையின் குறுக்கே விளக்கு வளைவுகள் கட்டும் சில வாரங்கள் தவிர, தலைக்கு மேலே எதுவும் கிடையாது. 1950களின் படங்களில் வேறு காட்சி. சாலையின் இருபுறமும் இரும்புக் கம்பங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கம்பிகள், அவற்றில் தொங்கும் இரட்டைக் கம்பிகள். சந்திப்புகளில் அது வலையாகவே பின்னிக் கிடந்தது. சென்னை, மதுரைத் தெருக்களிலிருந்து வந்தவர்களுக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்காது. ஐந்தடிப் பாதையில் மல்லிகை தொடுக்கும் கை நிமிர்ந்து பார்க்காமலே வேலை செய்யும். அரைத்த மிளகாய், வறுத்த மல்லி, மாட்டுத் தொழுவம் என்று இந்த வட்டாரத்துக்கு ஒரு காலத்தில் தனி வாசனைகள் இருந்தன. கால்நடை வியாபாரி பெலிலியோஸின் பெயரில் இன்னும் ஒரு தெரு இருக்கிறது, மாடுகள்தான் இல்லை. அந்த வாசனைகளோடு எஞ்சின் புகையைச் சேர்க்காத வண்டி ஒன்று இந்த வழியே போய்வந்தது என்பது நினைவு சொல்லும் முதல் செய்தி. அதில் கற்பனை எதுவும் இல்லை. மின் மோட்டாருக்குப் புகைக்குழாய் கிடையாது, கியர் மாற்றும் உறுமலும் கிடையாது. இங்கிலாந்தில் இந்த வண்டிகள் வருவதே தெரிவதில்லை என்று பாதசாரிகள் குறைபட்டதுண்டு.

இரண்டாவது செய்தி, நின்ற இடத்திலிருந்து அவை எடுத்த வேகம். மின் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்திலேயே தன் முழு இழுவிசையையும் தரும். டீசல் எஞ்சின் அதற்குக் கொஞ்சம் வேகம் பிடித்தாக வேண்டும். அடிக்கடி நின்று கிளம்பும் நகரப் பேருந்துக்கு இது பெரிய லாபம். மூன்றாவதாக வருவது கழி நழுவும் காட்சி. பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே சொல்வது இதைத்தான். சந்திப்பில் ஓட்டுநர் கொஞ்சம் வேகமாகத் திருப்பிவிட்டால் கூரைக் கழியின் நுனி கம்பியை விட்டு விலகும். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கழி விருட்டென்று மேலே எழும்பிக் குறுக்குக் கம்பிகளில் அடிக்கும். மோட்டார் அடங்கும், வண்டி கொஞ்ச தூரம் உருண்டு நிற்கும். ஒருவர் பின்பக்கம் இறங்கி, கழியைக் கீழே இழுத்து, அண்ணாந்தபடி அதன் நுனியைக் கம்பிக்கு நேராகக் கொண்டுவந்து விடுவார். பட்டென்று நீலப்பொறி தெறிக்கும்; வண்டி கிளம்பும். மழை இரவில் அந்தப் பொறியைப் பார்த்த குழந்தை ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் பின்னால் காத்துக்கொண்டிருந்த வண்டியில் வேலைக்குப் போக வேண்டியவர் அதை ரசித்திருக்க மாட்டார். ஏனென்றால் ஒரே கம்பியைப் பிடித்திருக்கும் இரண்டு டிராலி பஸ்கள் ஒன்றையொன்று முந்த முடியாது. முன்னது நின்றால் பின்னதும் நிற்க வேண்டியதுதான்.

ஏக்கத்தை மறுப்பவர்களின் வலுவான வாதம் இங்கேதான் பிறக்கிறது. கம்பிக்குக் கட்டுப்பட்ட வண்டி வளரும் ஊருக்கு உதவாது என்கிறார்கள் அவர்கள். சிராங்கூன் சாலையே அதற்குச் சான்று. இன்று லிட்டில் இந்தியாப் பகுதியில் அது ஒருவழிப் பாதை. இருவழியாகப் போய்வந்த கம்பியில் ஒரு திசையைக் கழற்றி வேறு தெருவில் கட்டாமல் அப்படி மாற்றியிருக்க முடியாது. தைப்பூசத்தன்று சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகனை நோக்கிப் போகும் காவடிகளுக்கு வழிவிட, டீசல் பஸ்ஸைப் பக்கத்துத் தெருவில் திருப்பிவிடலாம். டிராலி பஸ் கம்பியிலிருந்து சுமார் ஒன்றரைத் தட அகலம்தான் விலகும். அதற்கு மேல் விலகினால் கழி நழுவிவிடும். இந்தக் குறையை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் தடம் மாற முடியாத வண்டிகள் எல்லாமே அழிந்துவிடவில்லை. இதே சாலையை ஒட்டி நிலத்தடியில் 2003 முதல் ஓடும் வடகிழக்குப் பாதை ரயில் ஒரு அடிகூட இடமோ வலமோ நகர முடியாதது. அதை யாரும் பழங்கதை என்று சொல்வதில்லை. அது ஊரின் எதிர்காலத்தைக் கணக்கிட்டுப் போட்ட பாதை. டிராலி கம்பியோ ஊரின் கடந்தகாலத்தில் கட்டப்பட்டு அங்கேயே நின்றுவிட்டது.

சிராங்கூன் சாலையிலிருந்து லாவெண்டர் பக்கம் திரும்பி, காலாங் ஆற்றைக் கடந்து கேலாங்குக்கும் ஜூ சியாட்டுக்கும் போகும்போது அந்தக் கோட்டின் ஒரு நுனி தெரிகிறது. எஸ்.டி.சி.யின் தனியுரிமை நகர எல்லைக்குள்தான். அதற்கு வெளியே ஓடியவை சீனர்கள் நடத்திய பஸ்கள். 1920களில் அவை தனித்தனி ஆட்களுக்குச் சொந்தமான ஏழு இருக்கை வண்டிகள். ஃபோர்டு காரின் அடிச்சட்டத்தில் மரப்பெட்டி கட்டி, கிடைத்த சந்தில் நுழைந்து, கைகாட்டிய இடத்தில் நிறுத்தி ஆள் ஏற்றின. ‘கொசு பஸ்’ என்று வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் எரிச்சலில் வைத்தது. 1935 வாக்கில் அரசாங்கம் அவற்றைக் கம்பெனிகளாகச் சேரச் செய்து ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. ஊருக்கு உள்ளே எஸ்.டி.சி., வெளியே சீனக் கம்பெனிகள் என்ற பிரிவு மட்டும் அப்படியே நின்றது. டிராம் எங்கே ஓடியதோ, சற்று ஏறக்குறைய அங்கேதான் டிராலி பஸ்ஸும் ஓடியது. டிராம் தண்டவாளம் முதல் உலகப் போருக்குப் பிறகு தேய்ந்துபோனது. அதைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவதைவிடக் கம்பியை இரட்டையாக்கி வண்டியை மாற்றுவது மலிவு என்பதுதான் அந்த மாற்றத்தின் அடிப்படைக் கணக்கு. ஆக 1926-இல் புதுமையாக வந்த வண்டி, 1905-இன் வரைபடத்தில்தான் ஓடியது.

ஜூ சியாட் ரோட்டின் வண்ணம் பூசிய கடைவீடுகளைத் தாண்டி காத்தோங் பக்கம் போகிறவர் கடலைத் தேடினால் ஏமாறுவார். ஒரு காலத்தில் காற்று வாங்க ஜனங்கள் வந்த கடற்கரை இது. பங்களாக்களின் பின்படி வரை அலை வந்த இடம். 1966-இல் தொடங்கிய கடல் தூர்க்கும் வேலையில் அந்தக் கரை உள்நாட்டுத் தெருவாகிவிட்டது. அதற்கப்பால் மரீன் பரேட் குடியிருப்பு, விரைவுச்சாலை, அதற்கும் அப்பால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. கடல் அங்கே இருக்கிறது. கம்பி போய் நான்கே ஆண்டில் கடலும் நகர ஆரம்பித்தது. சிங்கப்பூர் கடற்கரை ஊர் என்பது உண்மை. ஆனால் கடற்கரையை நிலையானதாக ஒருபோதும் கருதாத ஊர். டிராலி பஸ் கம்பி என்பது, ஊர் இங்கேயேதான் இருக்கும், ஜனங்கள் இந்த வழியில்தான் போவார்கள் என்று செம்பில் எழுதிக் கொடுத்த வாக்குறுதி. அந்த வாக்கைக் கடலுக்கே கொடுக்காத ஊர் கம்பிக்கு எப்படிக் கொடுத்திருக்கும்?

எண்களைப் பார்த்தால் இது வெறும் உருவகம் அல்ல என்று தெரியும். 1947 கணக்கெடுப்பில் சிங்கப்பூரின் ஜனத்தொகை சுமார் 9.4 லட்சம். பத்தே ஆண்டில், 1957-இல், 14.5 லட்சம். கடைவீட்டு மாடிகளில் பலகை தடுத்து ஒரே அறையில் குடும்பம் நடத்தியவர்களுக்கு வீடு கட்ட, 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. அடுத்த ஐந்தாண்டில் ஐம்பதாயிரத்துக்கு மேல் வீடுகள் எழும்பின. குவீன்ஸ்டவுன், புக்கிட் ஹோ ஸ்வீ, பிறகு தோ பாயோ என்று ஜனங்கள் இடம் பெயர்ந்தார்கள். தேக்காவிலும் சைனாடவுனிலும் வசித்தவர்கள், அங்கே வெறும் வாடிக்கையாளர்களாக மாறத் தொடங்கினார்கள். டிராலி கம்பி கடைத்தெருவிலிருந்து துறைமுகத்துக்குப் போகும். புதிய வீட்டு வாசலுக்குப் போகாது. 1962 டிசம்பரில் கம்பியை இறக்கியபோது கம்பெனி தன் கணக்குப் புத்தகப்படி தப்பு எதுவும் செய்யவில்லை என்றே சொல்ல வேண்டும். வழியில் ஆள் குறைந்தால் டீசல் பஸ்ஸை வேறு வழியில் விடலாம், விற்றும் விடலாம். நட்ட கம்பத்தைப் பிடுங்கி விற்றால் பழைய இரும்பு விலைதான்.

சரி, அப்படியானால் புதிய பேட்டைகளுக்குக் கம்பியை நீட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். சாலை, தண்ணீர்க் குழாய், மின்சாரம் எல்லாம் புதிதாகப் போட்ட இடத்தில் கம்பம் நடுவது பெரிய காரியமா? தொழில்நுட்பமாக இல்லை. ஆனால் நடப்போவது யார்? ஊருக்குள் உரிமை பெற்ற தனியார் கம்பெனி, வெளியே வேறு கம்பெனிகளின் வயலில் போய்க் கம்பம் நட முடியாது. அதன் எதிர்காலமும் நிச்சயமில்லாமல் இருந்தது. 1956-இல், லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஹாக்கின்ஸ் தலைமையிலான குழு, எஸ்.டி.சி.யையும் சீனக் கம்பெனிகளையும் சேர்த்து எல்லா பஸ்களையும் ஒரே பொது நிறுவனத்தின் கீழ் கொண்டுவரச் சொல்லிற்று. பரிந்துரை கிடப்பில் போனது. ஆனால் நாளைக்கே சொத்து கைமாறலாம் என்று ஒரு தரம் எழுதிவிட்டால், அதன்பின் நாற்பது ஆண்டுக்குப் பலன் தரும் செம்புக் கம்பியில் எந்த முதலாளியும் பணம் போட மாட்டான். டீசல் பஸ்ஸில் போடுவான். அது பத்துப் பதினைந்து ஆண்டில் தேய்ந்துவிடும் சரக்கு.

இங்கே ஒரு கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. தனியார் முதலாளி என்பதால்தான் போயிற்று என்றால், நகராட்சியே நடத்திய ஊர்களில் என்ன ஆயிற்று? பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 1925-இல் வந்த டிராலி பஸ் நகராட்சியினுடையது, 1961-இல் நின்றது. கொழும்பில் 1953-இல் தொடங்கியவையும் மாநகர சபையினுடையவை. 1964-க்குப் பிறகு இல்லை. இந்த இரண்டு ஊர்களும் கடலோரம், இரண்டிலும் தமிழர்கள் நிறைய. பம்பாயில் இன்னும் மோசம்: 1962-இல் வந்து 1971-இல் போயிற்று. ஆகவே தனியாரா பொதுவா என்பது மட்டும் கேள்வி அல்ல. கம்பிக்குச் சொந்தக்காரரின் அதிகாரம் எதுவரை நீண்டது என்பதுதான். இலங்கையில் 1958-இல் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டு போக்குவரத்துச் சபையின் கீழ் நாடு முழுவதும் ஓட்டியது. மாநகர சபையின் டிராலி பஸ்ஸோ மாநகருக்குள்ளேயே நின்றது. ஊர் எல்லை தாண்டி வளர்ந்த இடத்தில் எல்லைக்குள் இருந்த வண்டிதான் செத்தது. எதிர்மறைச் சான்றும் ஒன்று இருக்கிறது. தென்னமெரிக்காவில், சிலி நாட்டின் துறைமுக நகரம் வல்பரைசோவில் 1952 முதல் இன்றுவரை டிராலி பஸ் ஓடுகிறது. 1940களில் செய்த அமெரிக்க வண்டிகள் சில அங்கே ஓடின, 2003-இல் அவற்றை நாட்டின் நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். அந்த ஊர்க்காரர்களின் ரசனை மட்டும் அதற்குக் காரணமல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்தான குன்றுகள்; நடுவே ஒடுக்கமான சமவெளி. கடைவீதியும் அலுவலகமும் துறைமுகமும் அந்தப் பட்டைக்குள்தான் இருந்தாக வேண்டும். நூறு ஆண்டு கழித்தும் ஜனங்கள் அந்த வழியில்தான் போவார்கள். அங்கே கம்பியின் வாக்குறுதியைப் பூமியே காப்பாற்றிக் கொடுத்தது.

நகர மையத்துக்குத் திரும்பி நார்த் பிரிட்ஜ் ரோடு வழியாக ஆற்றைக் கடந்தால் சவுத் பிரிட்ஜ் ரோடு. 1827-இல் நிறுவப்பட்ட மாரியம்மன் கோயிலின் கோபுரம் சாலைக்கு நேரே நிற்கிறது. ஏக்கம் பேசுகிறவர்கள் தாண்டிப் போகும் பக்கம் ஒன்றை இங்கே திறக்க வேண்டும். டிராமில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு உண்டு; அந்தப் பிரிவினை டிராலி பஸ்ஸிலும் தொடர்ந்தது. தோல் நிறத்தைக் கேட்டு யாரும் டிக்கெட் கொடுக்கவில்லை, காசைக் கேட்டார்கள். ஆனால் காலனி ஊரில் காசும் நிறமும் எந்த வரிசையில் நின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஜப்பானிய ஆட்சியில் வண்டிகளும் கம்பெனியும் புதிய எஜமானர்களின் கைக்குப் போயின; போருக்குப்பின் தேய்ந்து திரும்பின. எஸ்.டி.சி.யின் தொழிலாளிகளில் மலாய்க்காரர்களும் இந்தியர்களும் கணிசம். 1955 செப்டம்பரில் அவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் நான்கு மாதத்துக்கு மேல் நீண்டது. அதே ஆண்டு மே மாதத்தில் ஹாக் லீ பஸ் கம்பெனித் தகராறு கலவரமாகி உயிர்ச்சேதத்தில் முடிந்திருந்தது. புகையில்லாத வண்டி என்ற இனிய நினைவுக்குள், சம்பளம் போதாமல் கம்பெனி வாசலில் நின்ற கண்டக்டருக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். இதைச் சொன்னால் ஏக்கம் பொய்யாகிவிடாது. வண்டி நல்லது, அதை நடத்திய ஏற்பாடு நல்லதல்ல என்று இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். ஏற்பாட்டின் தப்பை வண்டியின் தலையில் கட்டியதும், வண்டியின் அழகை ஏற்பாட்டின் மேல் பூசியதும் பின்னால் வந்தவர்கள் செய்த குழப்பம்.

தெலுக் ஆயர் தெருவில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. நாகூர் தர்காவையும் பக்கத்துச் சீனக் கோயிலையும் பார்த்துவிட்டு, அவை இரண்டும் கரையில் கட்டப்பட்டவை என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கப்பலில் வந்து இறங்கியவர்கள் நன்றி சொல்ல எழுப்பிய இடங்கள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கடலைத் தூர்த்துவிட்டதால் இன்று அவற்றுக்கு எதிரே கோபுரக் கட்டடங்கள்தான்.

தஞ்சோங் பகாரைக் கடந்து கெப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது செயின்ட் ஜேம்ஸ் மின் நிலையத்தின் செங்கல் கட்டடம் தெரிகிறது. 1927-இல் நகராட்சி திறந்த, நிலக்கரி எரித்த நிலையம் இது. 2009-இல் தேசிய நினைவுச் சின்னமானது. இப்போது தூசு உறிஞ்சியும் முடி உலர்த்தியும் விற்கும் டைசன் கம்பெனியின் தலைமையகம். டிராலி பஸ் சுத்தமான வண்டி என்ற பேச்சை இங்கே நின்று கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். புகை இல்லாமல் போகவில்லை, இடம் மாறியது. கடைவீதியில் வராத புகை, துறைமுகத்தின் ஓரத்தில், கப்பல்துறைக் கூலிகளாக வந்த தமிழர்கள் மூட்டை சுமந்த கரையில் புகைபோக்கி வழியாக வந்தது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவினை டிக்கெட்டோடு முடியவில்லை.

இன்று அந்தக் கணக்கு மறுபடி திறக்கப்பட்டிருக்கிறது. 2030-க்குள் பொதுப் பேருந்துகளில் பாதியை மின்சாரத்தில் ஓட்டப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்திருக்கிறது. 2020-இலிருந்து பேட்டரி பஸ்கள் சாலையில் வந்துவிட்டன. டிராலி பஸ்ஸை நினைத்து ஏங்கியவர்கள் சொன்னது சரிதானே என்று இதைக் காட்டிக் கேட்டால், வண்டியைப் பொறுத்தவரை ஆம். ஆனால் இந்த முறை பஸ்ஸைவிடப் பெரிய மாற்றம் காகிதத்தில் நடந்திருக்கிறது. 1970-இல் ஆஸ்திரேலிய நிபுணர் வில்சன் தந்த அறிக்கைக்குப்பின் கம்பெனிகள் இணைக்கப்பட்டன. 1971 டிசம்பரில் எஸ்.டி.சி. மறைந்தது. 1973-இல் எல்லாம் ஒரே கம்பெனியாயிற்று. ஊர் எல்லை என்ற கோடும் அதோடு அழிந்தது. 2016-இல் தொடங்கிய ஒப்பந்த முறையில் பஸ்ஸும் பணிமனையும் அரசுக்குச் சொந்தம். ஓட்டுவதற்கு மட்டும் கம்பெனிகள் ஏலம் எடுக்கின்றன. ஹாக்கின்ஸ் குழு கேட்டதற்கு அறுபது ஆண்டு தாமதமாக, வேறு உருவத்தில் பதில் வந்தது. ஓட்டுகிற கம்பெனி ஐந்தாண்டில் மாறினாலும், மின்னேற்றும் கருவியில் பணம் போட்டவர் மாறுவதில்லை. 1956-இல் இப்படி ஒரு சொந்தக்காரர் இருந்திருந்தால் தோ பாயோவுக்குக் கம்பி போயிருக்கலாம். போயிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அன்று எண்ணெய் மலிவு.

இனி கம்பி எதற்கு, பேட்டரியே போதாதா என்றால், சிங்கப்பூருக்குப் போதும் என்றுதான் தோன்றுகிறது. பல டன் பேட்டரியைச் சுமந்துகொண்டு ஓடுவது வீண் என்று நினைத்த பிராக் நகரம், 1972-இல் கைவிட்ட டிராலி பஸ்ஸை இப்போது திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. வழியின் ஒரு பகுதியில் மட்டும் கம்பி. ஓடிக்கொண்டே மின்னேற்றிக்கொண்டு, மீதி வழியைப் பேட்டரியில் ஓட்டுகிறார்கள். ஆனால் பிராக்கில் ஆறும் குன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இங்கே தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்களையே துவாஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். டிராலி பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு வந்த துறைமுகம் கிளம்பிவிட்டது. இந்த நிலத்தில் அடுத்து எழப்போவது குடியிருப்பும் கடலோர நடைபாதையும். அங்கே போகும் பஸ் சத்தமில்லாமல் போகும், வாசலில் புகை விடாது. சிங்கப்பூர் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதை எரிக்கும் புகைபோக்கிகளில் ஒரு பகுதி இப்போது ஜூரோங் தீவில் நிற்கிறது. அதுவும் ஏழு தீவுகளைக் கடல் தூர்த்து ஒட்டிய நிலம்.